தார் சுற்றும் வேகம்

நாற்பத்து நான்கு வயதில் நான் வட்டம் வரையக் கற்றுக்கொண்டேன். கணினித் திரையில். முதல் வட்டத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. பிளஸ் டூ படிக்கும் என் மகன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு பெயிண்ட்ல ஒரு செகண்டு போதுமேம்மா" என்றான். போதும்தான். ஆனால் எனக்கு வேண்டியது சுற்றுகிற வட்டம். யாராவது விரலை வைத்துச் சுற்றினால் சுற்ற வேண்டும், விரலை எடுத்தால் மெல்ல வேகம் குறைந்து நிற்க வேண்டும். சரியாகச் சொன்னால் எனக்கு வேண்டியது ஒரு ராட்டை.

எதற்கு ராட்டை என்று சொல்ல வேண்டுமானால் ஜலகண்டாபுரத்தில் நான் வளர்ந்த வீட்டுக்குப் போக வேண்டும். முன்கூடத்தில் இரண்டு குழித்தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் சித்தப்பா. அடுப்படிக்குப் போகும் வழியில் சுவரோரமாக அம்மாவின் ராட்டை, பழைய சைக்கிள் ரிம்மில் செய்தது. சிட்டத்து நூலைத் தார்க்குச்சியில் சுற்றி வைப்பது அம்மாவின் வேலை. தார் நிறைந்ததும் நாடாவுக்குள் போகும். நாடா பாவுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். அதுதான் ஊடை. தார் இல்லையென்றால் தறி நிற்கும். தறி நின்றால் அப்பா கத்துவார். அதனால் விடியற்காலை நான்கு மணிக்கே அம்மா ராட்டையில் உட்கார்ந்துவிடுவாள். வலது கை சுற்றும். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூல் ஓடும். இத்தனை வருடம் நூல் ஓடி ஓடி அந்த ஆள்காட்டி விரலில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறது. குழந்தையில் அந்தப் பள்ளத்தில் என் விரல் நகத்தை வைத்துப் பார்ப்பேன். சரியாகப் பொருந்தும்.

பள்ளியில் சேர்த்தபோது விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் நெசவு, தாயின் தொழில் வீட்டு வேலை என்று எழுதினார்கள். அதையாவது யாரோ எழுதினார்கள் என்று விட்டுவிடலாம். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது நானே என் கையால் அப்படித்தான் எழுதினேன். கூட்டுறவுச் சங்கப் புத்தகம் அப்பா பெயரில். நெசவாளர் என்றால் எங்கள் தெருவில் ஆண். 2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கைத்தறித் தொழிலில் இருக்கும் சுமார் 35 லட்சம் பேரில் 25 லட்சத்துக்கும் மேல் பெண்கள். ஆனால் என் முதல் தொகுப்பில் தறி பற்றி மூன்று கவிதைகள் இருக்கின்றன, மூன்றிலும் அப்பாதான். தறிக்குச் சத்தம் உண்டு, சத்தம் கவிதைக்குள் சுலபமாக வந்துவிடும். ராட்டைக்கு இருப்பது ஒரு சின்ன முனகல்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நன்னூல் பாயிரத்தைப் பதினெட்டு வருடமாக வகுப்பில் நடத்துகிறேன். நூல் செய்வதற்குப் பவணந்தியார் ஒரு உவமை சொல்கிறார். சொல்தான் பஞ்சு, பனுவல்தான் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவளுடைய கை, அவன் அறிவு கதிர். தேர்வில் அடிக்கடி வரும் வினா. பதினெட்டு வருடம் இதைக் கரும்பலகையில் எழுதிய எனக்கு ஒருநாள்கூட அம்மா ஞாபகத்துக்கு வரவில்லை. அம்மா நூற்கவில்லை, சுற்றினாள், அது வேறு வேலை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். காரணம் அதுவல்ல. உவமையில் வரும் பெண்ணைப் புலவனை விளக்கும் பொருளாக மட்டுமே நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ராட்டை பற்றி ஒரு கவிதை எழுதிவிட்டேன். பதினான்கு வரி. தாளில் பார்த்தால் அசைவில்லாமல் கிடந்தது. படிப்பவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். ஒரு தாரை அரை நிமிடத்தில் முடிக்க முடியாது. படிப்பவரின் கையும் கொஞ்சம் வேலை செய்யட்டும், அவர் சுற்றினால்தான் கவிதை நூலாக இழுபட்டு வரட்டும் என்று தோன்றியது. தொலைபேசியில் பாட்டு, வரைபடம், விளையாட்டு எல்லாம் விரலுக்கு அசைகின்றனவே, கவிதை அசையாதா?

கணினித் துறையில் ஒரு சக ஆசிரியரிடம் கேட்டேன். சிரித்தார். "உங்க டிபார்ட்மெண்ட்டுக்கு எதுக்கு மேடம் இது? யாராவது பையன்கிட்ட சொல்லிச் செஞ்சு வாங்கிக்கலாம்" என்றார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் 'பையன்கிட்ட' என்ற சொல் எனக்குள் மாட்டிக்கொண்டது. அதே துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி என் பொதுத் தமிழ் வகுப்புக்கு முன்பு வந்தவள். எடப்பாடிப் பக்கம். அவள் வீட்டிலும் தறி. அவளிடம் கேட்டேன். முதல் வாரம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "நீங்களே பண்ணுங்க மேடம், தப்பில்ல மேடம்" என்று கிசுகிசுத்தாள். மூன்றாம் வாரம், "கொஞ்சம் நகருங்க மேடம்" என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இருபது வருட ஆசிரியர் வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்த மரியாதைக் குறைவு வேறில்லை.

அவள் காட்டிய கருவியின் பெயர் பி5.ஜேஎஸ். ஓவியர்களும் கவிஞர்களும் தொடக்கநிலைக்காரர்களும் பயப்படாமல் நிரல் எழுத வேண்டும் என்று லாரன் லீ மெக்கார்த்தி என்ற அமெரிக்கக் கலைஞர் 2013இல் தொடங்கியது. இலவசம். உலாவியிலேயே எழுதலாம், பக்கத்திலேயே படம் ஓடும். இரண்டு பகுதிதான் முக்கியம். 'செட்அப்' என்பது ஒருமுறை நடக்கும், பாவு பூட்டுவதுபோல. 'டிரா' என்பது விநாடிக்கு ஏறத்தாழ அறுபது முறை திரும்பத் திரும்ப நடக்கும், நாடா ஓடுவதுபோல. அசைவு என்று நாம் பார்ப்பது அசைவே இல்லை. கொஞ்சம் நகர்த்தி நகர்த்தி வரைந்த அசையாத படங்கள். ஒவ்வொரு முறையும் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதியதை வரையச் சொல்ல வேண்டும். அழிக்கச் சொல்ல மறந்தேன். ஒரு புள்ளியை நகர்த்தினால் அது போன வழியெல்லாம் கோடாக நின்றது. தவறுதான், ஆனால் பார்க்க நூல் மாதிரியே இருந்தது. அழிக்காமல் வைத்துக்கொண்டேன். என் நூல் அப்படி வந்ததுதான்.

பயிற்சி நேரம் விடியற்காலை நான்கு முதல் ஐந்தரை. அதற்குப் பிறகு சமையல், டப்பா, பேருந்து. அம்மா உட்கார்ந்த அதே நேரத்தில் நானும் உட்கார்ந்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். வீட்டில் எனக்கென்று மிச்சமிருந்த நேரம் அது ஒன்றுதான் என்பதே உண்மை. அம்மாவுக்கு அந்த நேரமும் சொந்தமில்லை. எனக்கு இருந்தது. இரண்டையும் ஒன்றாக்க நான் விரும்பவில்லை.

முதல் மாதம் முழுக்க அவமானம். பிழைச் செய்தி எல்லாம் ஆங்கிலம், சிவப்பில். ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால் திரை முழுக்க வெறுமை. அறுநூறு பக்கம் ஆய்வேடு எழுதியவளுக்கு ஒரு அடைப்புக்குறி விட்டுப்போன இடம் தெரியவில்லை. பள்ளியில் படித்த வரைபடத்தில் மேலே போனால் எண் கூடும், இங்கே கீழே போனால் கூடுகிறது. என் ராட்டை முதலில் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விட்டது. ஒருநாள் அழுதுவிட்டேன். அன்றைக்குத்தான் மாணவி சொன்னாள்: "எனக்கும் இப்படித்தான் மேடம் இருந்துச்சு. கோடிங்கெல்லாம் பசங்களுக்குத்தான் வரும்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவளுக்கு இதை யார் சொன்னார்கள்? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாமலே தெரிந்துகொள்கிற விஷயம் இது. அவளுக்குச் சொல்வதற்காகவே நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். எங்கள் பக்கத்துத் தறிமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியை, பிரான்சின் லியோன் நகரத்தில் 1804இல் உருவான அந்த எந்திரத்தை, கணினியின் பாட்டி என்றே சொல்லலாம். அட்டையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்று அது தீர்மானிக்கிறது. 1843இல் ஏடா லவ்லேஸ், இன்னும் முழுதாகக் கட்டப்படாத ஒரு கணக்கு எந்திரத்தை விளக்கும்போது அந்தத் தறியைத்தான் ஒப்பிட்டுக் காட்டினார். நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்துக் கணினியின் நிரல் நெய்யப்பட்டது. இது உருவகம் இல்லை. மாசசூசெட்ஸில் வால்தம் என்ற ஊர்த் தொழிற்சாலையில் பெண்கள் உட்கார்ந்து சின்னச் சின்னக் காந்த வளையங்களுக்கு நடுவே கம்பியைக் கோத்தார்கள். வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் சுழி. அதைப் பொறியாளர்கள் 'கிழவி நினைவகம்' என்று கேலியாகக் கூப்பிட்டார்கள்.

நம் ஊரிலும் உண்டு. 1974இல் கோலத்தைக் கணினி மொழியின் இலக்கணமாக எழுதிக் காட்டிய ஆய்வுக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதிய மூவரில் இருவர் பெண்கள்: சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் ராணி சிரோமணி, இன்னொருவர் கமலா கிருத்திவாசன். மூன்றாமவர் கிஃப்ட் சிரோமணி. புள்ளிகளுக்கு நடுவே கோடு எப்படி வளைய வேண்டும் என்று வாசலில் பெண்கள் வைத்திருக்கும் விதிகளை அவர்கள் கணிதமாக எடுத்துக்கொண்டார்கள். மாணவி, "எங்க சிலபஸ்ல இவங்க பேரே இல்லையே மேடம்" என்றாள். எனக்கும் இந்த வயதில்தான் தெரியும்.

உடனே கோலம் போடும் பெண்ணெல்லாம் கணித மேதை என்று மேடையில் கைதட்டல் வாங்கும் பேச்சுக்கு நான் தயாரில்லை. அப்படிப் புகழ்ந்து புகழ்ந்தே வாசலில் உட்காரவைத்திருக்கிறார்கள். அம்மாவைக் கணினி விஞ்ஞானி என்று சொன்னால் அது அவளுக்குச் செய்யும் இன்னொரு ஏமாற்று. அவளுக்குச் சேர வேண்டியது கூலியும் பெயரும்.

நூல் ஓடியது, ராட்டை சுற்றியது, இனி எழுத்து வர வேண்டும். கவிதையின் முதல் சொல் 'பெண்'. ஒவ்வொரு எழுத்தாக நூலில் கோத்து வரச் செய்ய, சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கச் சொன்னேன். நான்கு துண்டு வந்தது. 'ப' தனியாக. ஒற்றைக்கொம்பு தனியாக, தன் மெய்யைக் காணாமல் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு. 'ண' தனியாக. கடைசியில் மெய்க்குரிய புள்ளி, அதுவும் ஒரு புள்ளி வட்டத்தின் தலையில். பெண் என்ற சொல் திரையில் நான்காக வெட்டுப்பட்டுத் தொங்கியது.

மாணவி பதறினாள், தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக. எனக்கோ, இரண்டு மாதத்தில் முதல்முறையாக எனக்குத் தெரிந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததுபோல் இருந்தது. இலக்கணத்தில் ண் என்ற மெய்தான் அடிப்படை, அதில் அகரம் ஏறினால் ண. கணினியின் ஒருங்குறியில் இது தலைகீழ். ண என்பதுதான் அடிப்படை, புள்ளி பின்னால் வந்து அதன் உயிரை எடுக்கிறது. கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் கணினிக்குள் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் நமக்கு இரண்டெழுத்தாக இருக்கும் 'பெண்' அதற்கு நான்கு. மூன்றெழுத்துத் 'தமிழ்' அதற்கு ஐந்து. கரும்பலகையில் மெய், உயிர்மெய் என்று போட்டு விளக்கினேன். அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்ப ஒட்டிக்கிட்டு வர்றதையெல்லாம் முன்னாடி இருக்கறதோட சேர்த்து எண்ணணும், அவ்ளோதானே மேடம்" என்றாள். அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கென்றே 'செக்மென்டர்' என்ற ஒன்று ஏற்கெனவே இருந்தது. அவள் அதைத் தேடி எடுத்தாள், நான் எதைத் தேட வேண்டும் என்று சொன்னேன். பெண் இரண்டெழுத்தாக ஒட்டிக்கொண்டு நூலில் வந்தாள். க்ஷவும் ஸ்ரீயும் மட்டும் இன்னமும் பிளந்துதான் வருகின்றன. என் கவிதையில் அவற்றுக்கு வேலை இல்லை.

கல்லூரி விடுமுறையில் மடிக்கணினியோடு ஊருக்குப் போனேன். தாரமங்கலத்திலிருந்து பேருந்து உள்ளே நுழையும்போதே விசைத்தறிச் சத்தம். எங்கள் வீட்டுக் குழியை மூடிச் சிமெண்ட் பூசி வெகுநாளாயிற்று. ராட்டை பழைய இரும்புக்குப் போய்விட்டது. அம்மாவுக்கு எழுபத்தொன்று, வலது தோளைத் தூக்க முடியாது. திரையில் ராட்டையைச் சுற்றிக் காட்டினேன். நூல் ஓடியது, கவிதை வந்தது. அம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தாள்.

"அறுகவே மாட்டேங்குதே?"

"எதும்மா?"

"நூலு. இப்படிக் கண்ணுமண்ணு தெரியாமச் சுத்தினா அறுந்துபோகாதா கண்ணு? நாள் பூரா சுத்துறதா பெருசு? அறுந்ததைப் பிணைக்கறதுதான்டி வேலை."

எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. சுற்றுவதை மட்டும் பார்த்து வளர்ந்திருக்கிறேன். அவள் நிமிடத்துக்கு நிமிடம் நிறுத்தி, இரண்டு நுனியையும் எடுத்து, எச்சில் தொட்டு முறுக்கி முடிச்சிட்டதை என் கண் பார்த்திருக்கிறது. என் கவிதை பார்க்கவில்லை.

எவ்வளவு வேகத்தில் சுற்றினால் அறும் என்று கேட்டேன். தெரியாது, கைக்குத்தான் தெரியும் என்றாள். வெறுங்காற்றில் இடது கையால் சுற்றிக் காட்டச் சொல்லித் தொலைபேசியில் நேரம் பார்த்தேன். பத்து விநாடிக்குப் பதினேழு சுற்று. அதைத் தாண்டினால் நூல் அறும்படி எழுதினேன். அறுந்தால் கவிதை நிற்கும். தொங்கும் ஒரு நுனியை விரலால் பிடித்து இழுத்து மற்ற நுனியோடு சேர்த்தால்தான் அடுத்த எழுத்து.

எழுதியதும் புதுத் தொல்லை. எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் நூல் அறுந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு ஒன்றைக் கவனித்தேன். எப்போதும் ஒரே இடத்தில் அறுகிறது, விரல் ராட்டையின் இடது ஓரத்தைக் கடக்கும்போது. மாணவியைத் தொலைபேசியில் பிடித்தேன். கேட்டவுடன் சிரித்தாள். விரல் இருக்கும் கோணத்தைக் கணினி ஒரு பக்கம் 180 வரைக்கும், மறுபக்கம் கழித்தல் 180 வரைக்கும் எண்ணுகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் இடது ஓரம். அங்கே விரல் மயிரிழை நகர்ந்தாலும் கணக்கில் முழு வட்டம் தாவியதாக ஆகிவிடுகிறது. அதைப் பயங்கர வேகம் என்று நினைத்து என் நிரல் நூலை அறுத்திருக்கிறது. "வட்டத்துக்கும் ஒரு தையல் இருக்கு மேடம், அது அங்கதான் இருக்கு" என்றாள். வேறுபாடு 180ஐத் தாண்டினால் 360ஐக் கழி அல்லது கூட்டு. இரண்டே வரி. இந்த வாக்கியத்தை அவளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், அவள் கவிதைக்கு வேண்டுமென்றால் திருப்பித் தருவேன்.

அடுத்த முறை போனபோது மகனுடைய டேப்லெட்டை எடுத்துப் போனேன். அம்மாவின் மடியில் வைத்தேன். தோள் வலிக்காமல் ஒற்றை விரலால் சுற்றினாள். நான் சோதித்தபோதெல்லாம் நாலைந்து முறையாவது அறுந்த நூல், அவள் கையில் ஒருமுறைகூட அறவில்லை. எல்லையை ஒட்டியே ஓட்டினாள், தாண்டவில்லை. பதினான்கு வரியும் கடகடவென்று வந்து தாரில் சுற்றிக்கொண்டது.

"படிச்சியாம்மா?"

"எங்கடி படிக்க உடுது? ஓடிப்போச்சு."

அம்மா மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பேருந்துப் பலகையைக்கூட அவள் படித்து முடிப்பதற்குள் பேருந்து கிளம்பிவிடும். அவள் கையின் வேகத்தை அளந்த நான் அவள் கண்ணின் வேகத்தை யோசிக்கவே இல்லை. குறியீட்டைத் திறந்து சரிசெய்கிறேன் என்று டேப்லெட்டுக்குக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. தாரை மறுபடி காலியாக்கச் சொன்னாள். பிறகு விரலை வைத்து, ராட்டையை மெல்ல, நான் பார்த்தறியாத மெதுவில், நகர்த்தினாள். 'பெ' வந்தது. நிறுத்தினாள். உதடு அசைந்தது. கொஞ்சம் நகர்த்தினாள். 'ண்' வந்தது.

"அப்புறம் என்னடி வருது?"

"சுத்தும்மா, வரும்."